பழைய ஸ்பீக்கரில் எதைச் சோதிப்பது, எதை மாற்றுவது, எப்போது மாற்றுவது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இருபது வருடப் பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்று உங்களிடம் இருக்கலாம். இல்லை, யாரோ விற்கிறார்கள் என்று வாங்கப் போகிறீர்கள். சத்தம் வருகிறது, ஆனால் ஏதோ சரியில்லை. விசாரித்தால் ஒருவர் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) எல்லாவற்றையும் மாற்று என்பார், இன்னொருவர் கோனையே (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பையே) மாற்று என்பார், மூன்றாமவர் பழசில் கையே வைக்காதே என்பார். மூவருமே உங்கள் ஸ்பீக்கரைக் கண்ணால் பார்க்காதவர்கள். இந்தக் குழப்பத்தில் நான் நிறையப் பணத்தையும் பொறுமையையும் செலவழித்துத்தான் ஒரு வரிசைக்கு வந்து சேர்ந்தேன். அந்த வரிசையை அப்படியே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் மொத்தமாகக் கிழடு தட்டுவதில்லை. காந்தமும் செம்புக் கம்பியும் நம் காலத்தைத் தாண்டியும் இருக்கும். ஃபோம், ரப்பர், பசை, எண்ணெய், கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் ஆகியவைதான் வயதாகின்றன, அதுவும் ஒவ்வொன்றும் தன்தன் வேகத்தில். அதனால் எது கெட்டது என்று அளந்து தெரிந்துகொண்ட பிறகே பணத்தை எடுங்கள். கெடாததை மாற்றினால் செலவோடு போகாது, ஒலியும் மாறிவிடும்.

1. குற்றம் ஸ்பீக்கர் மேல்தானா?

இடது, வலது வயர்களை ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் பக்கம் மாறினால் தவறு ஆம்ப்ளிஃபயரில், அல்லது அதற்கு முன்னால் இருக்கும் கருவியில். அதே பெட்டியிலேயே கோளாறு நின்றால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்கலாம். வயரை மாற்றும்போது ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்க வேண்டும்.

அடுத்து, ஒரே ஒலிக்கோப்பை மோனோவில் ஓடவிட்டு பேலன்ஸை ஒருமுறை முழுக்க இடப்பக்கமும் ஒருமுறை முழுக்க வலப்பக்கமும் திருப்பிக் கேளுங்கள். இரண்டு பெட்டிகளையும் பக்கம் பக்கமாக வைத்துச் செய்தால் அறையின் வித்தியாசம் குறுக்கே வராது. பெரும்பாலான வயதுக் கோளாறுகள் இரண்டு பெட்டியிலும் ஒரே அளவில் வருவதில்லை. வித்தியாசம் கேட்டால் அதுவே துப்பு.

இரண்டுமே ஒரே மாதிரி மந்தமாகக் கேட்டால் கொஞ்சம் நிதானியுங்கள். வயதாக ஆக நம் காதும் உயர்ந்த அதிர்வெண்களை இழக்கிறது. ட்வீட்டர், அதாவது உயர்ந்த அதிர்வெண்களைத் தரும் சிறிய பாகம், செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் வீட்டில் இருக்கும் பதின்வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு 12,000 ஹெர்ட்ஸ், 14,000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை மெல்லிய அளவில் ஓடவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கேட்டு உங்களுக்குக் கேட்காவிட்டால், நல்ல செய்தி: செலவு மிச்சம்.

2. திருகைத் தொடும் முன் தாள் வேலை

பலரும் தவிர்க்கும் கட்டம் இதுதான். பின்னால் அதிகப் பணம் போவதும் இதைத் தவிர்த்தவர்களுக்குத்தான். கையில் சேர்த்து வைக்க வேண்டியவை:

பெட்டியின் பின்புறம் ஒட்டியிருக்கும் மாடல் எண், வரிசை எண். இதன் படம் ஒன்று.

ஒவ்வொரு டிரைவரின் (பெட்டிக்குள் ஒலி எழுப்பும் தனித்தனி அலகின்) பின்னாலும், காந்தத்தின் மேலோ இரும்புச் சட்டத்திலோ அச்சிட்டிருக்கும் பாக எண்; இதை மட்டும் மூன்றாம் கட்டத்தில் கழற்றும்போது குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மாடல் எண்ணை மட்டும் வைத்துப் பாகம் வாங்காதீர்கள். ஒரே மாடலில் தயாரிப்பாளர்கள் நடுவில் டிரைவரை மாற்றியிருப்பது சகஜம். இரண்டு பெட்டிகளிலும் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். முன்பு யாரோ ஒரு பக்கம் மட்டும் மாற்றியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

சர்வீஸ் மேனுவல், அல்லது குறைந்தபட்சம் கிராஸ்ஓவரின், அதாவது தாழ்ந்த, உயர்ந்த அதிர்வெண்களைப் பிரித்து அந்தந்த டிரைவருக்கு அனுப்பும் பலகையின், சுற்றுப்படம். பிரபலமான மாடல்களுக்கு இணையத்தில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் நீங்களே வரைய வேண்டும், அது பெரிய வேலை இல்லை.

வூஃபரின் (பேஸ் ஒலி தரும் பெரிய டிரைவரின்) தீல்-ஸ்மால் அளவுகள், அதாவது அது எப்படி அசையும் என்பதைச் சொல்லும் எண்கள், கிடைத்தால். கோனைச் சுற்றிப் புதிய ஓர வளையம் போட்ட பிறகு வூஃபர் பழைய ஒத்ததிர்வுக்கு (அது தானாக அதிரும் அதிர்வெண்ணுக்கு) அருகில் வந்ததா என்று ஒப்பிட இவைதான் உதவும்.

கடைசியாக, உங்கள் ஸ்பீக்கர் இப்போது எப்படி இருக்கிறது என்பதற்கான பதிவு. அளவுத்திருத்தம் செய்த மைக் ஒன்றும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் இருந்தால், ஒவ்வொரு பெட்டியையும் ஒரே இடத்தில் வைத்து ஒரே தூரத்தில் அளந்து கோப்பைச் சேமியுங்கள். மைக் இல்லாவிட்டாலும் மல்டிமீட்டரில் வரும் எண்களையாவது தேதி போட்டு எழுதுங்கள். முன்பு எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால், வேலை முடிந்த பிறகு நன்றாக இருக்கிறதா என்று மனதைத்தான் கேட்க வேண்டியிருக்கும். செலவழித்த மனம் எப்போதும் நன்றாக இருக்கிறது என்றே சொல்லும்.

3. டிரைவரைக் கழற்றுதல்

கையால் திருகும் ஸ்குரூடிரைவர்தான், மின்சார டிரில் வேண்டாம். இரண்டு காரணம். பெட்டி பெரும்பாலும் மரத்தூள் பலகை, அதில் திருகுத் துளை எளிதில் தேய்ந்துபோகும். அதைவிட முக்கியம், வூஃபரின் காந்தம் ஸ்குரூடிரைவரைச் சட்டென்று தன் பக்கம் இழுக்கும். கை வழுக்கினால் முனை கோனைக் குத்திக்கொண்டு போய்விடும். ஒரு கையால் திருகும்போது மறு கையைக் கோனுக்கும் கருவிக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்துக் கழற்றினால் டிரைவர் கீழே விழாது. பின்னால் இருக்கும் வயரின் நிறம் எந்த முனைக்குப் போகிறது என்று படம் எடுத்த பிறகே பிரியுங்கள். டிரைவருக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் ஒட்டிக்கொண்டு டிரைவர் வராவிட்டால் முன்பக்கம் நெம்பாதீர்கள். மற்றொரு டிரைவரின் ஓட்டை வழியாகக் கையை விட்டுப் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளுங்கள்.

கழற்றிய டிரைவரை இரும்புத்தூள், ஆணி, திருகு இருக்கும் மேசையில் வைக்கவே கூடாது. காந்த இடைவெளிக்குள் ஒரு துகள் போனால் அதை வெளியே எடுப்பது தனி வேலை.

ட்வீட்டரின் நடுவில் புடைத்திருக்கும் குவிமுகட்டைத் தொட வேண்டாம். சில உயர்ரக ஸ்பீக்கர்களில், உதாரணமாக யமஹா என்எஸ்-1000எம் மாடலில், குவிமுகடுகள் பெரிலியத்தால் ஆனவை. அது உடைந்து தூளானால் மூச்சில் போவது ஆபத்து. அப்படிப்பட்டதைத் தேய்ப்பதோ ஒடுக்கு எடுக்கிறேன் என்று கிளறுவதோ கூடாது.

4. ஓர வளையம்: முதலில் போவது இதுதான்

கோனின் வெளி விளிம்பையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கும் வளையத்தை சரவுண்ட் என்பார்கள். அது எதனால் ஆனது என்பதைப் பொறுத்தே உங்கள் ஸ்பீக்கரின் தலைவிதி.

ஃபோம் என்றால், கேள்வி எப்போது போகும் என்பது மட்டுமே. பாலியூரித்தேன் ஃபோம் காற்றின் ஈரத்தாலும் ஆக்சிஜனாலும் புற ஊதா ஒளியாலும் சிதைகிறது. பொதுவாக 10 முதல் 20 வருடம். சூடும் ஈரமும் அதிகமான இடத்தில் அதற்கு முன்பே. வாசிக்காமல் அட்டைப்பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தாலும் சிதையும். “பாட்டே போடவில்லை, புதுசு மாதிரி” என்று விற்பவர் சொன்னால் அது ஃபோமுக்குப் பொருந்தாது. விரல் நுனியால் மிக லேசாக ஒரு ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். நல்ல ஃபோம் மெத்தென்று அமுங்கித் திரும்பும். கெட்டது பிசுபிசுக்கும், அல்லது விரலில் தூளாக ஒட்டும். ஓட்டை இன்னும் விழவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். பிசுபிசுப்பு வந்துவிட்டால் சில மாதமோ ஒரு வருடமோதான்.

கிழிந்த ஃபோமோடு பாட்டுப் போடுவதுதான் மிகவும் விலை உயர்ந்த பழக்கம். வளையம் பிடிமானம் விட்டதும் கோன் கோணலாக ஆடும், வாய்ஸ் காயில் (கோனின் கழுத்தில் சுற்றியிருந்து காந்த இடைவெளிக்குள் அசையும் கம்பிச் சுருள்) காந்தத்தில் உரசும், இன்சுலேஷன் தேய்ந்து ஷார்ட் ஆகும். அதுவரை மலிவான வளையத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, முழு ரீகோனில், அதாவது கோன், காயில் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுவதில், போய் நிற்கும். கிழிசல் கண்ணில் பட்ட அன்றே நிறுத்துங்கள்.

ரப்பர் என்றால் பெரும்பாலும் நிம்மதி. பியூட்டைல் ரப்பர் பல பத்தாண்டுகள் தாங்கும். விறைத்துவிட்டதா, விளிம்பில் பசை விட்டுப் பிரிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிரிந்திருந்தால் திரும்ப ஒட்டினாலே போதும், புதிது தேவையில்லை.

துணி வளையம், அதாவது மடிப்பு மடிப்பாக இருக்கும் அக்கார்டியன் வகை, எல்லாவற்றையும்விட அதிகம் உழைக்கும். அதன் மேல் பூசியிருக்கும் பிசின் பூச்சு சில நேரம் கெட்டியாகிவிடும், அல்லது கீழ்ப்பக்கம் வழிந்து தேங்கும். துணி கிழியாத வரை அதை மாற்றும் எண்ணமே வேண்டாம்.

இங்கே ஒரு பொறி. ரப்பர் போட்டு வடிவமைத்த வூஃபருக்கு ஃபோம் போடக் கூடாது. நான் ஒரு பழுதுக் கடையில் கொடுத்த வூஃபருக்கு, ரப்பர் கிடைக்கவில்லை என்று கேட்காமலே ஃபோம் ஒட்டித் தந்தார்கள். ரப்பர் கனம் அதிகம்; அதை எடுத்துவிட்டு ஃபோம் வைத்தால் நகரும் எடை குறைகிறது, ஒத்ததிர்வு மேலே ஏறுகிறது, அடி பேஸ் மெலிகிறது. பார்வைக்குப் பளபளவென்று இருந்த அந்த வூஃபரைத் திரும்பப் பிரித்துச் சரிசெய்ய முதல் செலவைவிட அதிகமானது. கடையில் கொடுத்தால், என்ன பொருள் ஒட்டப் போகிறார்கள் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

ஃபோமைப் பாதுகாக்கிறேன் என்று சிலிகான் ஸ்பிரே, கார் டேஷ்போர்டு பாலிஷ் எதையும் தடவாதீர்கள். சிதைவை அது நிறுத்தாது. பிறகு புதிய வளையம் ஒட்டப் போகும்போது பசை பிடிக்காமல் போவதுதான் பலன்.

5. ஃபோம் வளையத்தை நீங்களே மாற்றுவது

கைப்பழக்கம் உள்ள புதியவர் தாராளமாகச் செய்யக்கூடிய வேலை. ஆனால் முதல் முயற்சியை விலை உயர்ந்த வூஃபரில் செய்யாதீர்கள். தூக்கிப்போடும் நிலையில் இருக்கும் ஏதாவது ஒன்றில் பழகிக்கொள்ளுங்கள்.

அளவு எடுப்பதில்தான் பாதிப் பேர் சறுக்குவார்கள். எட்டு அங்குல வூஃபர் என்றால் எட்டு அங்குல வளையம் என்று வாங்கிவிடுவார்கள். அந்த எண் பெயருக்குத்தான். நீங்கள் மில்லிமீட்டரில் அளக்க வேண்டியவை நான்கு: கோனின் வெளி விட்டம், வளையத்தின் வளைந்த பகுதி தொடங்கும் உள் விட்டம், அது முடியும் வெளி விட்டம், சட்டத்தில் ஒட்டும் இடத்தின் முழு விட்டம். கூடவே, வளையத்தின் உள் உதடு தட்டையா, கோனின் சரிவோடு சாய்ந்ததா என்றும், கோனின் முன்பக்கம் ஒட்டியிருக்கிறதா பின்பக்கமா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவுகளோடு டிரைவரின் பாக எண்ணையும் விற்பவருக்கு அனுப்பிக் கேட்டால் தவறு குறையும்.

பழைய ஃபோமைக் கையால் பிய்த்து எடுத்துவிட்டு, மிஞ்சிய பசையை ஐசோபிரைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஊறவைத்துச் சுரண்டுங்கள். அவசரம் வேண்டாம், மொத்த வேலையில் அதிக நேரம் பிடிப்பது இதுதான். காகிதக் கோனை அதிகம் நனைத்தால் ஊறி இழை பிரியும். பிளாஸ்டிக் கோனில் அசிட்டோன், தின்னர் போன்றவை வேண்டாம். எந்தத் திரவமானாலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் சோதித்துவிடுங்கள். சட்டத்தின் மேல் இருக்கும் அட்டை வளையத்தை உடைக்காமல் மெல்லிய கத்தியால் கிளப்பிப் பத்திரப்படுத்துங்கள், திரும்ப வேண்டும். இந்த வேலை முழுதும் தூளும் துகளும் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பசை விஷயம். காகிதக் கோனுக்கு ஃபோம் ஒட்ட, ஸ்பீக்கருக்கென்று விற்கும் நீர் சார்ந்த வெள்ளைப் பசை புதியவருக்கு ஏற்றது. மெதுவாகக் காயும், நகர்த்திச் சரிசெய்ய நேரம் தரும், காய்ந்தால் நிறமற்றதாகிவிடும். பிளாஸ்டிக் கோனுக்கும் ரப்பர் வளையத்துக்கும் அந்தந்தப் பொருளுக்கென்று சொல்லப்பட்ட பசையை வாங்குங்கள். சூப்பர் குளூ பக்கம் போகாதீர்கள். கல்லாக இறுகி நொறுங்கும், மையம் பார்க்க விநாடிகூடத் தராது.

முதலில் உள் உதட்டைக் கோனில் ஒட்டி நன்றாகக் காயவிடுங்கள். பிறகுதான் வெளி உதட்டைச் சட்டத்தில் ஒட்டுவது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால் மையம் பிசகும். வெளி உதட்டை ஒட்டும்போது வாய்ஸ் காயில் இடைவெளியின் நடுவில் நிற்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. முதலாவது, டஸ்ட் கேப்பை (கோனின் நடுவில் இருக்கும் மூடியை) வெட்டி எடுத்து, காயிலுக்கும் நடு இரும்புக்கும் நடுவில் ஒரே தடிமனான மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளைச் சுற்றிலும் செருகிவிட்டு ஒட்டுவது. இது உறுதியான வழி, ஆனால் பிறகு புதிய டஸ்ட் கேப் ஒட்ட வேண்டும். இரண்டாவது, ஆம்ப்ளிஃபயரில் இருந்து 30 ஹெர்ட்ஸ் சுற்றளவில் ஒரு சைன் ஒலியை மிகக் குறைந்த அளவில் கொடுத்துக்கொண்டே ஒட்டுவது. கோன் ஓரிரு மில்லிமீட்டர் மென்மையாக ஏறி இறங்கும். உரசல் சத்தம் கேட்டால், பசை ஈரமாக இருக்கும்போதே எதிர்ப்பக்கம் சற்று நகர்த்தி, சத்தம் முற்றிலும் நிற்கும் இடத்தில் துணி கிளிப்பால் பிடித்துவிடலாம். ஸ்பைடர் (அடுத்த கட்டத்தில் வரும்) நல்ல நிலையில் இருந்தால் இரண்டாவது வழி போதும்.

ஒட்டிய பிறகு ஒரு முழு நாள் தொடாதீர்கள். ஈரக் காற்று உள்ள காலத்தில் இரண்டு நாள். பசையின் மேல் எழுதியிருக்கும் நேரம் தொட்டால் ஒட்டாத நேரம், முழு வலு வரும் நேரம் அல்ல.

6. ஸ்பைடர், வாய்ஸ் காயில், காந்தம்

கோனின் கழுத்தைப் பின்னால் பிடித்திருக்கும் நெளிநெளியான துணித்தட்டுதான் ஸ்பைடர். பினாலிக் பிசின் ஏற்றிய துணி. வருடக்கணக்கில் உழைத்து இளகும், ஆனால் ஃபோமைப் போல உதிராது. சட்டத்திலிருந்து பசை விட்டுக் கழன்றிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

உரசல் சோதனை: நான்கு விரல்களையும் டஸ்ட் கேப்பைச் சுற்றிக் கோனின் மேல் சம தூரத்தில் வைத்து, நேராகச் சில மில்லிமீட்டர் அமுக்கி விடுங்கள். சத்தமே வரக் கூடாது. மணல் அரைவது போலக் கேட்டால் காயில் உரசுகிறது, அல்லது உள்ளே துகள் இருக்கிறது. கனமான வூஃபர் பல வருடம் செங்குத்தாக நின்று கோன் கீழ்ப்பக்கம் தொய்ந்திருந்தால், அதைக் கழற்றி 180 பாகை திருப்பி மாட்டினாலே சில நேரம் உரசல் போய்விடும். செலவில்லாத வைத்தியம், முதலில் இதைச் செய்து பாருங்கள்.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து டிரைவரின் இரு முனைகளிலும் அளங்கள். 8 ஓம் டிரைவர் ஏறத்தாழ 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் டிரைவர் 3 முதல் 3.8 வரை. 8 என்று போட்டிருக்கிறதே, 6 தானே காட்டுகிறது என்று பதற வேண்டாம், அப்படித்தான் இருக்கும். முடிவிலி காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்துக்கு அருகில் காட்டினால் ஷார்ட். அளக்கும்போதே கோனை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எண் குதித்தால் முனையிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் வயர் உள்ளே அறுந்து அறுந்து ஒட்டுகிறது. வாசிக்கும்போது சத்தம் விட்டுவிட்டு வருவதற்குப் பல நேரம் இதுதான் காரணம், ரீகோன் தேவையில்லை. அந்த வயரை மட்டும் மாற்றினால் போதும்.

காந்தம் வலுவிழந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எந்த வகைக் காந்தம் என்று கேளுங்கள். ஃபெரைட் காந்தம் வயதால் குறிப்பிடும்படி வலுவிழப்பதில்லை. அதற்கு ஆபத்து, கீழே விழுந்து பசை விட்டு நகர்வதுதான். நகர்ந்தால் காயில் சிக்கிக் கோன் அசையவே அசையாது. ஆல்னிகோ காந்தம் பலமான அதிர்ச்சியிலும் மிகையான மின்னோட்டத்திலும் சற்று வலுவிழக்கக்கூடும், அதைத் திரும்பக் காந்தமேற்றவும் முடியும். நியோடிமியம் அதிகச் சூட்டுக்குப் பயப்படும்.

காயில் கருகியோ ஷார்ட் ஆகியோ இருந்தால்தான் ரீகோன், அதாவது கோன், காயில், ஸ்பைடர், வளையம் எல்லாம் புதிது. அசல் தயாரிப்பாளரின் பாகம் கிடைத்தால் செய்யுங்கள். எடையும் காயில் உயரமும் வேறான பொதுப் பாகத்தைப் போட்டால் அது வேறொரு வூஃபர், உங்கள் பெட்டிக்குப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

7. ட்வீட்டர்

பல ட்வீட்டர்களில் காந்த இடைவெளிக்குள் ஃபெரோஃப்ளூயிட் என்ற காந்தத்தன்மை உள்ள எண்ணெய் இருக்கும். காயிலின் சூட்டை வெளியேற்றுவதும் அதிர்வை அடக்குவதும் அதன் வேலை. வருடங்கள் போனதும் கெட்டியாகிச் சேறு போலாகும். குவிமுகடு அசையத் திணறும், ஒலி மந்தமாகும். ஓம் அளவு சரியாகவே காட்டும் என்பதால் ட்வீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்று பலர் நினைத்துவிடுவார்கள். ஒரே ஜோடியில் ஒன்று மற்றதைவிடச் சன்னமாகக் கேட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

முன் தட்டோடு காயில் தனியாகக் கழன்று வரும் வகை ட்வீட்டர்களில் மட்டும் நீங்களே செய்யலாம். ஒட்டி மூடிய வகையைப் பிளக்க வேண்டாம். உறிஞ்சும் தாளை மடித்து இடைவெளிக்குள் செருகிச் செருகி, தாள் சுத்தமாக வரும் வரை பழையதை எடுங்கள். காயிலில் ஒட்டியிருப்பதையும் மெதுவாகத் துடையுங்கள். புதியதை அந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட வகையில், சொல்லப்பட்ட அளவில் மட்டும் சொட்டு சொட்டாக விடுங்கள். அதிகம் விட்டால் நல்லது என்பது இங்கே செல்லாது, பிதுங்கிக் குவிமுகட்டில் ஏறும். தயாரிப்பில் ஃபெரோஃப்ளூயிட் இல்லாத ட்வீட்டருக்கு நீங்கள் சேர்க்கவும் கூடாது.

8. கிராஸ்ஓவர்: இங்கேதான் கை அதிகம் அரிக்கும்

பலகையில் இருக்கும் பாகங்களில் உண்மையில் வயதாவது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் மட்டுமே. பைபோலார் அல்லது நான்-போலார் என்று அதன் மேல் அச்சிட்டிருக்கும். 20, 30 வருடத்தில் மதிப்பு நகரும், உள் தடை கூடும். ட்வீட்டருக்குத் தொடராக இருப்பது இப்படியானால் ட்வீட்டர் சன்னமாகும். மதிப்பு கூடிவிட்டால் அது வாசிக்கக் கூடாத கீழ் அதிர்வெண்களும் அதற்குப் போய்ச் சேரும். பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் ஃபிலிம் வகைகள் அப்படியே இருக்கும், காயில்களும் அப்படியே. அவற்றை மாற்றச் சொல்பவர் உங்களுக்கு எதையோ விற்கிறார்.

அளக்க வேண்டுமானால் கெப்பாசிட்டரின் ஒரு காலையாவது சால்டரிலிருந்து விடுவித்துத்தான் அளக்க வேண்டும். பலகையில் இருக்கும்போதே வைத்தால் மற்ற பாகங்களும் சேர்ந்து பொய் எண் காட்டும். உள் தடையையும் காட்டும் எல்சிஆர் மீட்டர் இருந்தால் நல்லது. வெறும் மைக்ரோஃபாரட் மட்டும் சரியாக இருப்பது போதாது. அச்சிட்ட மதிப்பிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தாலோ, ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் தெளிவான வித்தியாசம் இருந்தாலோ மாற்றுங்கள். 30 வருடம் தாண்டிய பைபோலார் என்றால் நான் விவாதிப்பதில்லை, மாற்றிவிடுவேன். பாகம் மலிவு, திரும்பப் பெட்டியைத் திறக்கும் உழைப்புத்தான் அதிகம்.

மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதேதான், வோல்ட் அதே அல்லது அதற்கு மேல். சாதாரண துருவமுள்ள எலக்ட்ரோலிட்டிக்கை ஒருபோதும் போடாதீர்கள். பைபோலாருக்குப் பதில் ஃபிலிம் போட நினைத்தால், ஃபிலிமின் உள் தடை மிகக் குறைவு என்பதை நினைவில் வையுங்கள். வடிவமைத்தவர் பழைய கெப்பாசிட்டரின் தடையையும் கணக்கில் சேர்த்திருப்பார், அதனால் ட்வீட்டர் திடீரென்று கூர்மையாகலாம். தொடராக அரை ஓமுக்கு உட்பட்ட ஒரு சிறு ரெசிஸ்டரைச் சேர்த்தால் சமனாகும். விலை உயர்ந்த கெப்பாசிட்டர் போட்டால் ஒலி திறக்கும் என்ற விளம்பரத்தில் பாதிக்கு மேல் இந்தக் கூர்மைதான்.

முன்பக்கம் ட்வீட்டர் அளவு கூட்டிக் குறைக்கும் குமிழ் இருந்தால், அந்த எல்-பேட் உள்ளே களிம்பேறி ட்வீட்டரையே ஊமையாக்கியிருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை இரு பக்கமும் திருப்புங்கள். ட்வீட்டர் செத்துவிட்டது என்று கொண்டுவரப்படும் பழைய ஸ்பீக்கர்களில் கணிசமானவை இந்த ஒரு திருகலில் எழுந்து உட்காரும்.

மிகப் பழைய பெட்டிக்குள் எண்ணெய் நிரப்பிய உலோக டப்பா வகைக் கெப்பாசிட்டர் இருந்தால் அதைத் துளைக்காதீர்கள், வெட்டாதீர்கள். 1970களின் இறுதி வரை அவற்றில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் பயன்பட்டது.

9. பெட்டி

முழுவதும் மூடிய பெட்டி என்றால் காற்றுக் கசிவு பாருங்கள். வூஃபரை மெதுவாக அமுக்கி விட்டால் சற்றுத் தயங்கித் திரும்ப வேண்டும். சட்டென்று குதித்து வந்தால் கேஸ்கெட்டிலோ வயர் மாட்டும் முனைத் தட்டிலோ கசிவு. முன்னாலோ பின்னாலோ குழாய் ஓட்டை உள்ள பெட்டிக்கு இந்தச் சோதனை பொருந்தாது. திருகுத் துளை தேய்ந்திருந்தால் மரப்பசையும் மெல்லிய மரச்சிம்பும் அடைத்துக் காயவிட்டுத் திரும்பத் திருகலாம். வயர் முனைகளில் பச்சை படிந்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். உள்ளே இருக்கும் பஞ்சை எடுத்த அளவும் இடமும் மாறாமல் திரும்ப வையுங்கள்.

10. செலவுக் கணக்கு

ஊருக்கு ஊர் விலை வேறு, ஆனால் ஏறுவரிசை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: கான்டாக்ட் கிளீனர், ஓர வளையமும் பசையும், பைபோலார் கெப்பாசிட்டர்கள், ஃபெரோஃப்ளூயிட், ட்வீட்டர் காயில், ரீகோன், அசல் புதிய டிரைவர். முதல் நான்கில் முடிந்தால் யோசிக்காமல் செய்யலாம். ரீகோன் என்று வந்ததும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

என் அளவுகோல் இது: அதே மாடல் நல்ல நிலையில் பழைய சந்தையில் என்ன விலைக்குப் போகிறதோ, மொத்தச் செலவு அதில் பாதியைத் தாண்டினால் வேண்டாம். விலையை விற்பவர் கேட்பதிலிருந்து எடுக்காதீர்கள், உண்மையில் விற்றுப்போனதிலிருந்து எடுங்கள். மனதுக்கு நெருக்கமான ஸ்பீக்கர் என்றால் இந்தக் கணக்கு செல்லாதுதான், அது உங்கள் விருப்பம்.

எல்லாச் செலவையும் இரண்டால் பெருக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிய வளையம், ஒரு பக்கம் மட்டும் புதிய கெப்பாசிட்டர் என்று செய்தால் ஜோடி ஜோடியாக ஒலிக்காது.

கடையில் கொடுப்பதானால் எழுத்தில் வாங்க வேண்டியவை: என்ன பாகம், எந்தப் பொருள், அசலா மாற்றா, மையம் எந்த முறையில் பார்ப்பார்கள், வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம். கழற்றிய பழைய பாகங்கள் எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். இதற்குத் தயங்கும் கடையில் கொடுக்க வேண்டாம். பெட்டியோடு அனுப்பாதீர்கள், டிரைவரை மட்டும், கோனின் மேல் எதுவும் அழுத்தாதபடி கட்டி அனுப்புங்கள்.

இரண்டு வகை ஸ்பீக்கர்களைப் புதியவர் திறக்கவே வேண்டாம். ஒன்று எலக்ட்ரோஸ்டாட்டிக், அதாவது காந்தத்துக்குப் பதில் உயர் மின்னழுத்தத்தால் மெல்லிய தாளை அசைக்கும் வகை. உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். மற்றது ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் வகை. இவற்றில் பெரும்பாலும் முதலில் போவது டிரைவர் அல்ல, சூட்டில் வேகும் பவர் சப்ளை கெப்பாசிட்டர்கள். சூடு 10 பாகை செல்சியஸ் குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு, அதனால் இப்படிப்பட்ட ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்னால் காற்றோட இடம் விடுங்கள். பழுதை மின்சாதனம் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

11. எப்போது எதைப் பார்ப்பது

ஃபோம் வளையம் இருந்தால் எட்டாவது வருடத்திலிருந்து வருடம் ஒருமுறை வலையைக் கழற்றி விரல் சோதனை. ரப்பர், துணி என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஃபெரோஃப்ளூயிட் உள்ள ட்வீட்டரை 15 வருடம் தாண்டியதும் இடது வலது ஒப்பிட்டுக் கேளுங்கள். பைபோலார் கெப்பாசிட்டரை 20 வருடத்தில் அளங்கள். பழைய ஜோடி வாங்கினால், எத்தனை வருடம் என்று விற்பவர் சொல்வதை நம்பாமல் எல்லாவற்றையும் அன்றே தொடங்குங்கள்.

வேலைக்கான நேரம்: வளையம் மட்டும் என்றால், பசை காயும் நேரத்தையும் சேர்த்து, ஒரு வார இறுதி போதாது. இரண்டு வார இறுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவும் எண்ணும் எடுத்த பிறகு, பாகம் வந்து சேரும் வரை பழைய டிரைவரைத் திரும்பப் பெட்டியில் மாட்டி வையுங்கள், திறந்த பெட்டிக்குள் தூசியும் பூச்சியும் குடியேறும்.

12. மூடிய பிறகு

திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வூஃபரின் துருவம் சரியா என்று ஒரு 1.5 வோல்ட் பேட்டரியைப் பெட்டியின் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். நேர்முனை சிவப்பில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும். சில பழைய ஜேபிஎல் டிரைவர்கள் இதற்கு நேர்மாறாக உள்ளே போகும், அது பழுதல்ல, அவர்கள் அன்று வைத்திருந்த வழக்கம். எப்படியானாலும் இரண்டு பெட்டியும் ஒரே திசையில் அசைய வேண்டும். 9 வோல்ட் பேட்டரி வேண்டாம், ட்வீட்டரில் நேரடியாக எந்தப் பேட்டரியும் வேண்டாம்.

பிறகு மெல்லிய அளவில் 20 ஹெர்ட்ஸில் தொடங்கி மேலே ஏறும் ஸ்வீப் ஒலியை ஓடவிட்டுக் கேளுங்கள். உரசல், கிர்ரென்ற அதிர்வு, விசில் போன்ற காற்றுச் சத்தம் எந்த அதிர்வெண்ணில் வருகிறது என்று குறியுங்கள். புதிய ஃபோம் முதலில் சற்று விறைப்பாக இருக்கும், சில வாரம் வாசித்த பிறகே இளகும். அதனால் பேஸ் குறைவாக இருக்கிறதே என்று முதல் நாளே திரும்பப் பிரிக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து, இரண்டாம் கட்டத்தில் மைக் வைத்த அதே இடத்தில் திரும்ப அளந்து பழைய கோப்போடு ஒப்பிடுங்கள், திருகுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். மாற்றிய பாகம், அதன் அளவு, பசையின் பெயர், தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, முனைத் தட்டின் உட்புறம் ஒட்டி மூடுங்கள்.